வாலட்ல இருக்கிறது காசு இல்ல, சாவி

ஆசிரியருக்கு வணக்கம். கிரிப்டோ செய்தி போடுறப்ப வாலட், சீட் பிரேஸ்னு அப்படியே போட்டுட்டுப் போயிடுறீங்க, தயவுசெஞ்சு அர்த்தமும் சேர்த்துப் போடுங்க. காயின், அதாவது அந்த டிஜிட்டல் காசு, வாலட்ங்கிற ஆப்புக்குள்ள இல்ல, பிளாக்செயின்ங்கிற பொதுக் கணக்குப் புத்தகத்துலதான் பதிவா இருக்கு, வாலட்ல இருக்கிறது அந்தக் காச அனுப்புறதுக்கான ரகசிய சாவி மட்டும்தான், அந்த சாவிய திரும்ப எடுக்குற, பெரும்பாலும் 12 இல்லன்னா 24 இங்கிலீஷ் வார்த்தைதான் சீட் பிரேஸ். எங்க சித்தப்பா அத ஏதோ வெரிஃபிகேஷன்னு நினைச்சு, கஸ்டமர் கேர்னு போன் பண்ணவன்கிட்ட டைரிய பாத்து ஒவ்வொரு வார்த்தையா எழுத்துக்கூட்டி சொல்லிட்டாரு, பத்தே நிமிஷத்துல எல்லாம் போச்சு. பேங்க்னா கார்டயாவது பிளாக் பண்ணலாம், பிளாக்செயின்ல ஒரு தடவ உறுதியான பரிமாற்றத்த கேன்சல் பண்ண மேனேஜர்னு யாரும் கிடையாது. வாரம் ஒரு வார்த்தையாவது விளக்கிப் போடுங்க சார், மொதல்ல சீட் பிரேஸ்.

- ஒரு வாசகி, திருச்சி