வகுப்பறையில் இலவச இணையக் கருவிகளைப் பயன்படுத்த ஆசிரியர்களுக்குத் தொடர் பயிற்சியும் துணையும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கணித, அறிவியல் பட்டதாரி ஆசிரியர்கள்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகள்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம்.

வழி: வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: குறுவள மையக் கூட்டங்களில் இலவச இணையக் கருவிகளுக்கான செய்முறைப் பயிற்சி – இணையம் இல்லாமல் இயங்கும் பாடத் தொகுப்பு – வகுப்பில் பயன்படுத்த எழுத்துப்பூர்வ வழிகாட்டுதல் – கோருதல் – சார்பு.

வணக்கம். அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் எங்கள் குறுவள மையத்தைச் சேர்ந்த கணித, அறிவியல் ஆசிரியர்கள் பதினேழு பேர் சேர்ந்து இந்த மனுவைத் தருகிறோம். எல்லோர் சார்பிலும் எழுதும் நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை.

நாங்கள் கேட்பது புதிய திட்டம் அல்ல. 2018–19 கல்வியாண்டில் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. மறு ஆண்டே மற்ற வகுப்புகளுக்கும் வந்தன. பாடத் தொடக்கத்திலேயே விரைவுத் துலங்கல் குறியீடு (கியூஆர் கோடு) அச்சாகி இருந்தது. கணித நூலில் ‘இணையச் செயல்பாடு’ என்று தனிப் பக்கமே உண்டு. படி 1, படி 2 என்று படத்தோடு போட்டு, கீழே ‘உரலி’ என்று ஓர் இணைய முகவரியும் கொடுத்திருப்பார்கள். அந்த முகவரிகளில் பல ஜியோஜீப்ரா என்ற இலவசக் கணித மென்பொருளுக்குப் போகின்றன. ஆகவே, இந்தக் கருவிகளைப் பயன்படுத்தச் சொல்லி எங்கள் கையில் நூலைக் கொடுத்தது அரசுதான். ஆனால் மனம் திறந்து சொல்ல வேண்டும் ஐயா, எங்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தை “வீட்டில் போன் இருந்தால் செய்து பாருங்கள்” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

என்னை மாற்றியது மின்னோட்டவியல் பாடம். பள்ளியின் அறிவியல் பெட்டியைத் திறந்தால் மின்கலங்கள் கசிந்து, முனைகளில் பச்சை பூத்துக் கிடந்தன. கடையில் நான்கு பேட்டரியும் இரண்டு சின்ன பல்பும் வாங்கி வந்து மேசையில் வைத்துச் செய்து காட்டினேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் முதல் இரண்டு வரிசைக்குத்தான் ஏதோ தெரிந்தது. அன்று மாலை பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் தன் மடிக்கணினியைத் திறந்து ஃபெட் என்ற தளத்தில் உள்ள, திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் பாவனைச் செயல்பாடுகளைக் காட்டினார். 2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. ஒரு பைசா செலவில்லை. கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. ஒருமுறை கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் அப்புறம் இணையமே வேண்டாம்.

மறுநாள் அதைச் சுவரில் விழவைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக வந்து கம்பியை இணைக்கச் சொன்னேன். கடைசி வரிசையில் உட்காரும், வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி வந்தாள். பல்பை எடுக்காமல் பேட்டரியின் இரண்டு முனைகளையும் நேரே ஒரு கம்பியால் சேர்த்துவிட்டாள். திரையில் தீப்பிடித்தது. “டீச்சர், பத்திக்கிச்சு!” என்று வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. அவள் பயந்து பின்வாங்கவில்லை. கம்பியை எடுத்தாள், மறுபடி சேர்த்தாள், மறுபடி தீ. பிறகு என்னைப் பார்த்து, “எங்க வீட்ல மழை பெய்யும்போது ஒயர் உரசி ஃபியூஸ் போகுமே, அது இதுதானா டீச்சர்?” என்று கேட்டாள். குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) என்ற சொல்லை நான் அதற்கு முன் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு பிள்ளை தன் வீட்டுச் சுவரோடு அதைப் பொருத்திக் கேட்டது அன்றுதான் முதல் முறை. அப்புறம் உண்மையான பேட்டரியையும் பல்பையும் அவள் கையில் கொடுத்தேன். முதல் முயற்சியிலேயே எரியவைத்தாள்.

திரை இருந்தால் பேட்டரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. தவறு செய்து பார்க்கத் திரை, சரியாகச் செய்து பார்க்கக் கை, இரண்டுமே வேண்டும். தீப்பிடிப்பதை நிஜத்தில் செய்து காட்ட முடியாது என்பதற்காகத்தான் இந்தக் கருவி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இதைக் கற்றது அரை மணி நேரத்தில், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததால். அதற்கு முன் இதே விஷயத்துக்காக ஒருநாள் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். ஓர் அரங்கு, நூறு பேருக்கு மேல். பயிற்றுநர் நன்றாகத் தெரிந்தவர், அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பதினொரு செயலிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் காட்டினார். நாங்கள் எங்கள் போனில் திறக்க முயன்றபோது நூறு பேரும் ஒரே நேரத்தில் திறந்ததால் ஒருவருக்கும் திறக்கவில்லை. நான்காவது செயலிக்குமேல் குறிப்பெடுப்பதையும் விட்டுவிட்டோம். மாலையில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினோம். அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூட நான் மறுநாள் வகுப்பில் திறக்கவில்லை. என்னோடு வந்த நால்வரும் திறக்கவில்லை. மாநில அளவில் கற்றவர் மாவட்டத்துக்கு, மாவட்டத்தில் கற்றவர் வட்டாரத்துக்கு, அங்கிருந்து எங்களுக்கு என்று இறங்கி வரும்போது, செய்து பார்ப்பது குறைந்து பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் மிஞ்சிவிடுகிறது.

எங்கள் மையத்தில் ஓய்வு பெற மூன்றாண்டே இருக்கும் கணித ஆசிரியை ஒருவர் இருக்கிறார். “நான் தொட்டு ஏதாவது கெட்டுப்போயிட்டா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஜியோஜீப்ராவில் ஒரு முக்கோணம் போட்டுக் கொடுத்து, ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொன்னோம். முக்கோணம் நீண்டது, சாய்ந்தது, கிட்டத்தட்டக் கோடாகவே ஆனது. மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருந்தன, கூடுதல் மட்டும் 180-ஐ விட்டு நகரவில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் இழுத்துக்கொண்டே இருந்தவர், “இதைப் பிள்ளைங்க கையிலேயே குடுத்துடலாமே, நான் எதுக்கு நிரூபிச்சுக்கிட்டு நிக்கணும்?” என்றார். அடுத்த வாரம் அவர் கொடுத்தும்விட்டார். வயது தடையல்ல ஐயா, பக்கத்தில் ஆள் இல்லாததுதான் தடை.

இன்னொரு தடை, வெளியே யாருக்கும் தெரியாதது. எங்களில் பலரிடம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வினாத்தாள்கள் கணினியில் உள்ளன. அத்தனையும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. அவற்றை எடுத்து இணையப் படிவத்தில் ஒட்டினால் தமிழ் போய், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. ‘கணினிக்குத் தமிழ் வராது’ என்று நினைத்துப் பலர் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். எல்லாக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றது. அதற்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகளும் இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை 1999-இலிருந்தே இருக்கிறது. சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இவற்றை மனத்தில் வைத்து எங்கள் கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

குறுவள மையக் கூட்டம் நடக்கும் நாளில் பிற்பகல் இரண்டு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கித் தர வேண்டும். ஒரு குழுவில் பதினைந்து பேருக்குமேல் வேண்டாம். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளியில் கூட்டத்தை வைத்தால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணினி இருக்கும். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு கருவி போதும். ஒவ்வொரு ஆசிரியரும் அடுத்த மாதம் தான் நடத்தப்போகும் பாடத்தைக் கொண்டுவந்து, அதற்கான செயல்பாட்டை அங்கேயே செய்து முடித்து, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அடுத்த கூட்டத்தில், வகுப்பில் அது எப்படிப் போனது என்று முதல் இருபது நிமிடம் பேச வேண்டும். சரியாக வராததையும் கூச்சமில்லாமல் சொல்லும் இடமாக அது இருக்க வேண்டும்.

சொல்லிக் கொடுப்பவர்கள் ஏற்கெனவே வகுப்பில் பயன்படுத்திவரும் ஆசிரியர்களாக இருக்கட்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் அப்படி நான்கைந்து பேராவது இருக்கிறார்கள். வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு அவர்கள் யாரென்று தெரியும். மாதத்தில் இரண்டு நாள் அவர்களைப் பணி நிமித்தம் விடுவித்து, பக்கத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினால் போதும். கேரளத்தில் இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2001-இல் ஐடி@ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக ஆன அந்தத் திட்டத்தில், பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரையே அந்தப் பள்ளியின் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராக ஆக்கினார்கள். யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளையே பள்ளிக் கணினிகளில் போட்டார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் கேட்கலாம் என்பதே அங்கே ஆசிரியர்களுக்குப் பெரிய பலம்.

மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தைக் கொண்டு, வகுப்பு, பருவம், பாடம் என்ற வரிசையில் இணையம் இல்லாமல் இயங்கும் ஒரு தொகுப்பைத் தயாரித்துத் தர வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பள்ளிகள் பலவற்றில் சிக்னலே இருக்காது. இருக்கும் நாளிலும் சொந்த போனின் டேட்டாவில்தான் ஓட்டுகிறோம். ஃபெட் கோப்புகள், ஜியோஜீப்ரா மென்பொருள், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் உள்ள தமிழ்க் கதை நூல்கள், பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் உள்ள காணொளிகளில் அனுமதி உள்ளவை என எல்லாவற்றையும் அதில் சேர்க்கலாம். ஃபெட் செயல்பாடுகளில் தமிழில் இன்னும் வராதவற்றை ஆசிரியர்களே மொழிபெயர்க்க அந்தத் தளம் வழி தருகிறது. நம் பாடநூலில் உள்ள கலைச்சொற்களையே வைத்து மொழிபெயர்க்க ஒரு குழு அமைத்தால் நாங்கள் மூவர் உடனே சேரத் தயார். இணையச் செலவை ஒருங்கிணைந்த பள்ளி மானியத்திலிருந்து எடுத்துக்கொள்ளத் தலைமை ஆசிரியர்களுக்குத் தெளிவான அனுமதியும் வேண்டும்.

அடுத்தது எங்களுக்கு மிகவும் முக்கியமானது. கற்பித்தலுக்காக ஆசிரியர் வகுப்பில் கைபேசியையோ டேப்லெட்டையோ பயன்படுத்தலாம் என்று எழுத்துப்பூர்வமாக ஒரு வழிகாட்டுதல் தர வேண்டும். பிளிக்கர்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. பிள்ளைகள் கையில் அச்சிட்ட அட்டை மட்டும்தான் இருக்கும். ஏ, பி, சி, டி என்ற நான்கு விடைகளில் எதுவோ அதற்கேற்ப அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள். ஆசிரியர் தன் போனை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால், யார் யாருக்குப் புரிந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு பிள்ளையிடமும் போன் இல்லாத எங்கள் பள்ளிகளுக்கு இது மிகவும் பொருத்தம். எங்களில் ஒருவர் இதைச் செய்துகொண்டிருந்தபோது, பள்ளிப் பார்வைக்கு வந்த ஒருவர் வாசலில் நின்று “வகுப்பு நேரத்தில் போன் எதற்கு?” என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். ஆசிரியர் விளக்கினார், அவரும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு அட்டைகளை வெளியே எடுக்கவில்லை. கையில் ஒரு சுற்றறிக்கை இருந்திருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

அதே வழிகாட்டுதலில் பிள்ளைகளின் பாதுகாப்பையும் சேர்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எனவே மாணவர் கணக்குத் தொடங்கத் தேவையில்லாத கருவிகளுக்கு முதலிடம், பெயருக்குப் பதில் வரிசை எண், பிள்ளைகளின் படத்தை எங்கும் ஏற்றக்கூடாது என்று தெளிவாக இருந்தால் நல்லது. ‘இலவசம்’ என்று வருபவற்றில் விளம்பரம் காட்டுபவையும் சில நாள் கழித்துப் பணம் கேட்பவையும் உண்டு. அவற்றைப் பிரித்தறியும் வேலையை ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியாகச் செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று. இதைத் தயவுசெய்து இன்னொரு பதிவேற்றப் பணியாக ஆக்கிவிட வேண்டாம் ஐயா. வருகைப் பதிவு, எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளப் பதிவுகள், மதிப்பீடுகள் என்று ஏற்கெனவே ஒவ்வொரு நாளும் திரையில்தான் போகிறது. கருவியைப் பயன்படுத்தியதற்கு ஆதாரமாகப் புகைப்படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்று ஆகிவிட்டால், பாடத்தின் நடுவே நிறுத்திப் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுப்பதுதான் நடக்கும். நாங்கள் சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க வேண்டுமானால் வகுப்புக்கு வாருங்கள், பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்காருங்கள். அதை நாங்கள் மனதார வரவேற்போம்.

முழு மாவட்டத்துக்கும் ஒரே நேரத்தில் முடியாது என்றால், எங்கள் குறுவள மையத்தில் மட்டும் வரும் பருவத்தில் தொடங்கிப் பார்க்க அனுமதி தாருங்கள். அதற்கெனப் புதிய நிதி எதுவும் கேட்கவில்லை. முதல் மூன்று கூட்டங்களுக்கான பாடங்களையும் கருவிகளையும் தேர்ந்து எழுதி இத்துடன் இணைத்துள்ளோம். சொல்லிக் கொடுக்க எங்களில் நான்கு பேர் முன்வந்திருக்கிறார்கள். ஆய்வகத்தைப் பிற்பகலில் திறந்துவிடப் பக்கத்து உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரும் வாய்மொழியாகச் சம்மதித்துள்ளார், தங்கள் உத்தரவு வந்தால் போதும் என்கிறார்.

தங்களை நேரில் சந்தித்து விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தந்தால், மடிக்கணினியோடு வந்து அந்த மின்சுற்றையும் முக்கோணத்தையும் தங்கள் மேசையிலேயே செய்து காட்டுகிறோம்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
குறுவள மையக் கணித, அறிவியல் ஆசிரியர்கள்

இணைப்பு: 1. ஆசிரியர்கள் பதினேழு பேரின் கையொப்பப் பட்டியல்
2. முதல் மூன்று கூட்டங்களுக்கான பாடத் திட்டம்