ஆம்னி பஸ்ஸை அனுப்பிவிடுங்கள்: செட்டிநாட்டுப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே சுற்றுலாச் சுற்றறிக்கையும் வந்துவிடுகிறது. ஆம்னி பஸ், இரண்டு நாள், மலைவாசத்தலமோ கேளிக்கைப் பூங்காவோ. தலைக்கு மூவாயிரத்துக்கு மேல். எங்கள் தெருவில் கொத்தனார் ஒருவரின் மகள் அந்தத் தாளை வீட்டில் காட்டவே இல்லை. காட்டி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. மற்றவர்கள் போன இரண்டு நாளும் அவளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, பாடம்தான் இல்லை.

காரைக்குடிப் பக்கத்து பஸ்களில் டிக்கெட் கொடுத்தே ஓய்வுபெற்றவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியவற்றில் பாதி, டவுன் பஸ் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவிகள், ஆசிரியைகள், துணைக்கு வரும் தாய்மார் எல்லோரும் காசில்லாமல் போகலாம். பையன்களுக்கு ஆகும் செலவு ஒரு வேளை டீ, வடைக்கு மேல் போகாது. இதைவிட மலிவாக எந்த டிராவல்ஸ்காரர் ஏற்பாடு செய்வார்?

முதலில் ஆத்தங்குடி. அந்தத் தரைக்கற்களின் மேல் நடந்து வளர்ந்த பிள்ளைகள்கூட அவற்றைச் செய்வதைப் பார்த்ததில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்டும் இட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவிட வேண்டியதுதான். சூளை கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. அறிவியல் ஆசிரியர் உடன் வந்தால் ஒரு வாரப் பாடத்தை அங்கேயே நடத்திவிடலாம். பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை நேரத்தில் நாற்பது பிள்ளைகள் திடீரென்று போய் நின்றால் யாருக்கும் கோபம் வரும்.

பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் ஒரே பாதை, ஒரே நாள். "பார்த்த கோயில்தானே" என்பீர்கள். கும்பிட்டிருக்கிறார்கள், பார்த்ததில்லை. பாறையிலேயே குடைந்தெடுத்த அந்தப் பிள்ளையாருக்கு இரண்டே கைகள். பழைய எழுத்தில், 'பெருந்தசன்' என்று பாறையில் வெட்டிய பெயரும் அங்கே இருக்கிறது. வேலை செய்தவர் பெயர் கல்லில் நிற்பதைப் பத்து வயதுப் பிள்ளை பார்க்கட்டும்.

அடுத்து ரயில். நம் பிள்ளைகளில் பலர் இன்னும் ரயிலேறியதில்லை. திருச்சி மார்க்கத்தில் கோட்டையூர், செட்டிநாடு, அடுத்தது திருமயம். பயணிகள் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். விரைவு ரயில் என்றால் 30. ஒரே எச்சரிக்கை: இந்தத் தடத்தில் ரயில்கள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே போகும்போது ரயில், திரும்பும்போது பஸ். ஏறும் முன், திருமயம் ஊருக்குள் நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள்.

திருமயத்தில் 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை. ஊர்க்காரர்களுக்கு அது ஊமையன் கோட்டை. மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம் என்பதால் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உச்சியில் பீரங்கி, அடிவாரத்தில் பாறையைக் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து. வெயில் ஏறுவதற்குள் மேலே போய் இறங்கிவிட வேண்டும். பாறை சுட்டால் பிள்ளைகளின் கால் தாங்காது. பெரிய வகுப்பினர் என்றால் புதுக்கோட்டை வரை போய், அன்னவாசல் பஸ்ஸில் சித்தன்னவாசலையும் பார்த்து வரலாம்.

தெற்கே போனால் கீழடி. மானாமதுரை வரை ரயில், அங்கிருந்து மதுரைப் பக்கம் பஸ். 2023 மார்ச்சில் அங்கே திறந்த அகழாய்வு அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில்தான் கட்டியிருக்கிறார்கள். நம் ஊர் வீட்டைப் பார்க்க மதுரைக்காரர்கள் டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்கும்போது நாம் பூங்காவில் சறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். காலை எட்டரை மணிக் கூட்டத்தில் ஏறாதீர்கள். பத்து மணிக்கு மேல், பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். ஒரு பஸ்ஸில் ஒரு வகுப்பு போதும். முன் வாசலில் ஓர் ஆசிரியர், பின் வாசலில் ஒருவர். இறங்கியதும் தலை எண்ணிக்கை. ஒரு வாரம் முன்பே கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்தால் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சொல்லிவைப்பார்கள். சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து கட்டுச்சோறு போதும். புளியோதரை மாலை வரை கெடாது.

வருகிற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். தேதி குறிக்கும்போது மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டி பஸ்ஸிலும் கார்த்திகையன்று குன்றக்குடி பஸ்ஸிலும் நிற்கக்கூட இடம் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
காரைக்குடி