அந்தச் சிறுவனின் சாவை வெட்டாதீர்கள்

மாண்டி கிறிஸ்டோ நாவலைச் சுருக்கி வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் தொகுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அலெக்சாந்தர் துய்மாவின் மாண்டி கிறிஸ்டோ 1844 ஆகஸ்டில் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடங்கி 1846 ஜனவரி வரை தொடராக ஓடியது. மொத்தம் 117 அத்தியாயங்கள். முழு மொழிபெயர்ப்பு எதுவானாலும் ஆயிரம் பக்கத்துக்குக் குறையாது. அதை 200 பக்கத்துக்குள் அடக்கிப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நம்மில் பலர் இந்தக் கதைக்குள் நுழைந்ததே அப்படியொரு சின்னப் புத்தகம் வழியாகத்தான். தொடர்கதைக்கே உரிய இழுவையும் மூலத்தில் உண்டு. என் சண்டையெல்லாம் எதை வெட்டுகிறீர்கள் என்பதில்தான்.

நீங்கள் விடாமல் வைத்துக்கொள்ளும் பகுதி எல்லோருக்கும் தெரிந்தது. 1815 பிப்ரவரியில் மார்சேய் துறைமுகத்துக்கு வந்துசேரும் 19 வயது மாலுமி எட்மண்ட் டான்டஸ். அவனை நெப்போலியன் ஆள் என்று காட்டிக்கொடுக்க டங்லார் இடது கையால் எழுதிய மொட்டைக் கடிதாசி. நிச்சயதார்த்த விருந்தில் கைது. கடல் நடுவே ஷத்தோ தீஃப் கோட்டைச் சிறையில் 14 ஆண்டுகள். சக கைதி ஃபாரியா பாதிரியாரின் பிணத்தைச் சுற்றிய துணிக்குள் தானே புகுந்துகொண்டு தப்புவது. புதையல், அந்தப் பணத்தில் மாண்டி கிறிஸ்டோ பிரபுவாக அவதாரம். அதுவரை ஆற அமரச் சொல்கிறீர்கள். பிறகு என்ன அவசரமோ, கடைசிச் சில பக்கங்களில் டங்லார், ஃபெர்னான்ட், வில்ஃபோர் என்ற மூன்று எதிரிகளும் வரிசையாக மண்ணைக் கவ்வ, சுபம் போட்டுவிடுகிறீர்கள். மூலத்தில் புதையல் கிடைப்பது 24ஆவது அத்தியாயத்தில். அதற்கப்புறம் 93 அத்தியாயங்கள் இருக்கின்றன. அவ்வளவையும் துய்மா கூலிக்காக மட்டுமா எழுதியிருப்பார்?

மாறுவேடத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் பதிப்புகளில் அது டான்டஸ் மட்டும் கற்றுவைத்திருக்கும் வித்தை. நாவலிலோ பழைய பெயரோடு நடமாடுகிறவர்களைத் தேடத்தான் வேண்டும். மீன்பிடிக்கிற ஃபெர்னான்ட், மோர்செர்ஃப் பிரபு ஆகிவிடுகிறான். கப்பலில் சரக்குக் கணக்கு எழுதிய டங்லார், பாரன் பட்டத்தோடு வங்கி நடத்துகிறான். தகப்பன் நுவார்த்தியே நெப்போலியன் கட்சி என்பதால், அந்தப் பெயரையே உதறிவிட்டு வில்ஃபோர் என்று மட்டும் போட்டுக்கொள்கிறார் அரசு வழக்கறிஞர். பேரரசன் போய் அரசன், அந்த அரசனும் போய் 1830இல் இன்னொரு அரசன் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்த பிரான்ஸ் அது. ஆட்சிக்குத் தக்க பெயர் மாற்றியவர்கள் மேலே போனார்கள். டான்டஸுக்கு மட்டும்தான் பெயரைப் பிறர் பிடுங்கினார்கள். புதிதாக வந்த சிறை அதிகாரிக்குக் கைதிகளின் பெயரைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லை. அறை எண்ணை வைத்து 34 என்று கூப்பிட்டார்கள்.

69ஆவது அத்தியாயத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். திடீரென்று பாரிஸில் முளைத்த இந்த மாண்டி கிறிஸ்டோ பிரபு யார் என்று விசாரிக்க, போலீஸ் தலைமையகத்திலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் கிளம்புகிறான். முதலில் பிரபுவுக்கு வேண்டியவரான புசோனி பாதிரியாரிடம். அடுத்து அவருக்கு ஆகாதவரான வில்மோர் என்ற ஆங்கிலேயரிடம். நண்பர் ஒன்று சொல்கிறார், பகைவர் ஒன்று சொல்கிறார்; இரண்டையும் ஒட்டிப்பார்த்துத் திருப்தியோடு போகிறான் வந்தவன். கதவு சாத்தியதும் வில்மோர் தன் செம்பட்டைக் கிருதாவையும் பொய்த் தாடையையும் தழும்பையும் கழற்றுகிறார். உள்ளே இருப்பது பிரபு. புசோனியும் அவரேதான். விசாரிக்க வந்தவன் வீடு திரும்பும்போது பார்த்தால் அவன் வில்ஃபோர்! கேட்டவர், சொன்னவர் இருவர் முகமும் பொய். அரசு வழக்கறிஞர் கள்ள முகத்தோடு திரட்டுகிற சாட்சியம் எப்படி இருக்கும் என்று துய்மா கேலி செய்கிற இடம் இது. தூக்கிவிட்டீர்கள்.

நீதி என்ற விஷயத்திலும் இதே கதைதான். பிரபு யாரையும் வாளால் வெட்டிச் சாய்ப்பதில்லை. யானினாவை ஆண்ட அலி பாஷாவைக் காட்டிக்கொடுத்துப் பிரபுவான ஃபெர்னான்ட், மேலவையில் அந்தப் பாஷாவின் மகள் ஹைடி சொல்லும் சாட்சியத்தால் விழுகிறான். பங்குச்சந்தையில் கொழுத்த டங்லாரைச் சந்தையே கவிழ்க்கிறது: தோட்டப் பைத்தியமான ஒரு கைகாட்டித் தந்திக் கோபுர ஊழியருக்கு 25,000 பிராங்க் கொடுத்து, ஸ்பெயினிலிருந்து வந்ததுபோல ஒரு பொய்ச் செய்தியை அனுப்பவைக்கிறார் பிரபு. வில்ஃபோர் உடைவது நீதிமன்றத்தில், தானே நடத்தும் வழக்கின் நடுவே. அவரவர் ஏறிவந்த ஏணியாலேயே அவரவருக்கு அடி. அன்று டான்டஸ் குற்றமற்றவன் என்று தெரிந்தும், தன் தகப்பன் பெயருக்கு வந்த கடிதத்தைக் கொளுத்திவிட்டு அவனைச் சிறைக்கு அனுப்பியவர் இந்த வில்ஃபோர். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன், பிறந்ததும் அவர் தோட்டத்தில் உயிரோடு புதைத்த மகன்; அவனாலேயே அவர் அம்பலப்படும்போது யாருக்கும் கை தட்டத் தோன்றும்.

அந்தக் கைதட்டலை நிறுத்துவதற்காகத்தான் எடுவார் சாகிறான். நீங்கள் வெட்டுவது இவனைத்தான்.

எடுவார், வில்ஃபோரின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த சிறுவன். குதிரைகள் மிரண்டு ஓடிய வண்டியில் அவன் மயங்கிக் கிடந்தபோது, ஒரு சொட்டுச் சிவப்பு மருந்து விட்டுக் கண் திறக்கவைத்தவர் பிரபு. அந்த மருந்தைப் பற்றி அவன் தாய் கேட்கிறாள். பிரபு நஞ்சுகளைப் பற்றி விலாவாரியாகப் பாடம் எடுக்கிறார். அவள் மனம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. மகனுக்குச் சொத்துச் சேர வேண்டும் என்று அவள் வீட்டில் ஒவ்வொருவராக நஞ்சிட்டுக் கொல்கிறாள். நான் திரும்பிவருவதற்குள் நீயே உன் கணக்கை முடித்துக்கொள் என்று மனைவிக்குக் கட்டளையிட்டுவிட்டு நீதிமன்றம் போன வில்ஃபோர், அங்கே தானும் குற்றவாளி என்று ஆனபின், அவளை மன்னிக்க ஓடிவருகிறார். தாய் செத்துக்கிடக்கிறாள். பையனையும் கூட அழைத்துப் போய்விட்டாள்.

அப்போது அங்கே நிற்கும் புசோனி பொய்முடியைக் கழற்றிப் பிரபுவாகி, பிரபுவுக்கும் பின்னாலிருந்து டான்டஸாக வெளிவருகிறார். வில்ஃபோர் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் இரண்டு பிணங்களையும் காட்டி, பழி தீர்ந்ததா என்று கேட்கிறார். பிரபு பையனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடிக் கதவைச் சாத்துகிறார். கால் மணி நேரம் கழித்து வெளியே வருகிறார். உயிர் திரும்பவில்லை. தோட்டத்தில் வில்ஃபோர் பைத்தியம் பிடித்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். கடவுள் என் பக்கம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இனி அப்படிச் சொல்ல வாய் வராது. போதும், மிச்சமிருக்கும் ஒருவனையாவது காப்பாற்றுவோம் என்று கிளம்புகிறார். டங்லார் உயிர் தப்புவது இந்தப் பையனால்தான். பையனை எடுத்துவிட்டால் அந்த மன்னிப்புக்குக் காரணமே இல்லாமல் போகிறது. பிரபுவுக்கு ஏதோ அலுத்துப்போனது போல இருக்கிறது.

திரைக்காரர்கள் செய்வதற்கு நீங்கள் எவ்வளவோ தேவலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2002இல் வந்த ஹாலிவுட் படத்தில், டான்டஸுக்கு நிச்சயிக்கப்பட்டுப் பிறகு ஃபெர்னான்டை மணந்த மெர்ஸிடெஸின் மகன் ஆல்பர்ட் டான்டஸுக்கே பிறந்தவனாகி, முடிவில் குடும்பம் ஒன்றுசேர்ந்துவிடுகிறது! நாவலில் அவளும் மகனும் துரோகத்தில் வந்த சொத்தை உதறிவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். மகன் ஆப்பிரிக்காவுக்குப் பட்டாளத்தில் சேர்கிறான். பழிக்கும் தப்பி அன்புக்கும் எட்டாமல் மார்சேயில் தனியே நிற்கும் அவளைத் துய்மா சேர்த்துவைக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். அடுத்த பதிப்பில் விசாரணை அத்தியாயத்துக்கு மூன்று பக்கம், எடுவாருக்கு ஐந்து பக்கம், சிறையைச் சுற்றிப்பார்க்கிறவர்போல டான்டஸ் மறுபடி ஷத்தோ தீஃபுக்குப் போகும் இடத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அட்டையில் சுருக்கப் பதிப்பு என்று கண்ணில் படும் அளவில் போடுங்கள். இடத்துக்கு எங்கே போவது என்பீர்கள். ரோமாபுரித் திருவிழாவை வெட்டுங்கள், புதையல் குகையில் தோண்டுவதைப் பாதியாக்குங்கள், பாரிஸ் விருந்துகளில் மூன்றில் இரண்டைத் தூக்குங்கள்; துய்மா ரசிகன் நான், எனக்கே ஆட்சேபம் இல்லை. கொள்ளையன் வம்பாவின் குகையில் டங்லார் ஒரு கோழிக்கு ஒரு லட்சம் பிராங்க் கொடுக்கிற இடத்தில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்