பி ஸ்டாண்டு அண்ணாவுக்கு

அண்ணா,

இன்று மார்ச் 17. காலையிலேயே நம் சென்னையின் எஃப்சி கோப்பை வென்ற அந்த 2018 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஃபைனல் வீடியோவை அனுப்பிவிட்டீர்கள். கூடவே, "பசங்களைத் திரட்டு, ஸ்டாண்டு நிறையணும்" என்று ஒரு வரி. பதிலை போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இதையே வேறு பலரும் கேட்கிறார்கள், அதனால் பொதுவில் எழுதுகிறேன். நான் யாரையும் கூப்பிடப் போவதில்லை. ஆட்டத்துக்கு வருவேன், பாடுவேன். ஆனால் ஒருவரிடம் போய் "இந்த வருஷம் நம்ம டீம் வேற மாதிரி, நம்பி வாங்க" என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

போன வாரம் ரசிகர் குழுவில் நடந்ததையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள், இல்லாதவர்களும் படிப்பார்கள். எல்லோர் முன்னாலும் உங்களை எதிர்த்துப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள். வருஷா வருஷம் டீமைக் கலைக்கக் கூடாது என்று பேசிய விஷயத்துக்கு மன்னிப்பு கேட்க முடியவில்லை.

நீங்கள் அனுப்பிய வீடியோவில் 17-வது நிமிடத்தையும் 45-வது நிமிடத்தையும் மட்டும் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். பெங்களூரு கண்டீரவா, எதிரணியின் சொந்த மைதானம். லீக்கில் பெங்களூரு 40 புள்ளியோடு முதலிடம், நாம் 32. ஒன்பதாவது நிமிடத்திலேயே அவர்களின் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி 1-0. அதற்குப் பிறகு நடந்த இரண்டும் ஒரே மாதிரி: நம் கிரெகரி நெல்சனின் கார்னர், நம் மைல்சன் ஆல்வெஸின் தலை. இடைவேளைக்குப் போகும்போது 2-1. பிறகு 67-ல் நம் ரஃபேல் அகஸ்டோ, கடைசியில் அவர்களின் மிக்கு ஒன்று திருப்பியடித்து 3-2. கோப்பை நமக்கு.

அதை அதிர்ஷ்டம் என்று அன்றைக்கு எழுதியவர்கள் இருந்தார்கள். ஒரே ஆட்டத்தில், ஒரே ஆள் உதைத்து, ஒரே ஆள் தலையால் இரண்டு முறை கோல் போடுவதை அதிர்ஷ்டம் என்று சொல்லக் கூடாது. கார்னரில் முதலில் வேண்டியது, பத்துக்கு எட்டு முறை ஒரே உயரத்தில் ஒரே இடத்தில் பந்தை இறக்கும் கால். அடுத்து, முன் கம்பத்துக்கு ஓடி ஒரு டிஃபென்டரைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிற ஒருவன். அவனுக்குப் பந்து வராது, அது அவனுக்கும் தெரியும், இருந்தாலும் முழு வேகத்தில் ஓட வேண்டும். கோல்கீப்பர் முன்னால் வருகிற வழியில், ஃபவுல் ஆகாதபடி நிற்க ஒருவன். பெட்டிக்கு வெளியே திரும்பி வரும் பந்துக்கு ஒருவன். எதிர்த்தாக்குதலைத் தடுக்க நடுக்கோட்டருகே இரண்டு பேர். குதிப்பவன் நின்ற இடத்தில் குதித்தால் வேலைக்கு ஆகாது. மூன்று நான்கு அடி பின்னாலிருந்து ஓடிவந்து, பந்து கிளம்பிய பிறகு கிளம்ப வேண்டும். கிளம்பும் நேரம் அரை வினாடி பிசகினால் பந்து தலைக்கு மேலே போய்விடும். உதைப்பவனும் குதிப்பவனும் மாதக்கணக்கில் சேர்ந்து பழகாமல் அந்த அரை வினாடி கைக்கு வராது. வீரர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த ஓர் அணி நமக்கு இருந்தது, அண்ணா. அதைத்தான் அந்த இரண்டு கோல்களும் காட்டுகின்றன.

அதற்கு நான்கு நாள் முன்னால் செமிஃபைனல். கோவாவில் 1-1 முடித்து வந்து நம் ஊரில் 3-0. ஜெஜே இரண்டு, இன்னொன்று தனபால் கணேஷ். சென்னைப் பையன் சென்னையில் செமிஃபைனல் கோல் அடித்தான். அந்த நிமிடம் நீங்கள் டிரம் அடித்த அடியில் குச்சி முறிந்தது. ஓட்டப் பாதைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு தூரத்தில் கேலரி இருக்கிற மைதானத்தில் சத்தம் வீரர்களின் காதுக்குப் போய்ச் சேர வைத்தது உங்கள் கைதான். அதை யாரும் மறக்கவில்லை. நானும்தான்.

ஆனால் அடுத்த சீசன்? 18 ஆட்டம், 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது. பயிற்சியாளர் அதே ஜான் கிரெகரி. "அதே கோச், முக்கால்வாசி அதே டீம், அப்புறம் ஏன் விழுந்தோம்? டீமைக் கலைக்காதேன்னு நீ சொல்றதே தப்பு" என்று குழுவில் கேட்டீர்கள். நல்ல கேள்வி. சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன்.

கேப்டன் செரினோ போய்விட்டார். டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பறித்துக்கொண்டிருந்த கணேஷ் முழங்கால் காயத்தில் வெளியே. அந்த ஓர் இடம் காலியானால் என்ன ஆகும்? எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் பத்தாம் நம்பர் திரும்பி நின்று பந்தை வாங்குவான். அவனைப் பிடிக்க சென்டர்-பேக் (நடுத் தடுப்பாளர்) வரிசையை விட்டு முன்னேறுவான். அவன் விட்ட இடத்தில் ஸ்ட்ரைக்கர் ஓடுவான். கோல் வாங்கியபோதெல்லாம் சென்டர்-பேக்கைத் திட்டினோம். ஓட்டை அவனுக்குப் பத்து கஜம் முன்னால் இருந்தது. அணியைக் கலைக்காமல் வைத்திருப்பது என்றால் எல்லோரையும் அப்படியே வைத்திருப்பது என்று அர்த்தமில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று இடம், வயதையும் காயத்தையும் பார்த்து, காலியாவதற்கு முன்பே ஆளைத் தயார் செய்து மாற்ற வேண்டும். நம் கிளப் ஒரு வருஷம் கை வைக்காமல் விட்டது. அதன் பிறகு வருஷா வருஷம் வேரோடு பிடுங்கியது.

2019 டிசம்பரில் பயிற்சியாளராக ஓவன் கோயல் வந்தார். பட்டியலின் அடியில் கிடந்த அணி நான்காம் இடத்துக்கு ஏறியது, பிறகு ஃபைனல் வரை போனது. ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல். ஃபைனலில் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 3-1 தோல்வி, ஆளே இல்லாத கோவா ஃபடோர்டா மைதானத்தில். அந்தத் தோல்வியில் எனக்கு வருத்தம் கிடையாது. வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில். கோயல் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் போனார், 2021-22-ல் ஜாம்ஷெட்பூர் லீக் முதலிடத்துக்கான ஷீல்டை வென்றது. நம்மிடம் சாபா லாஸ்லோ வந்தார், எட்டாமிடம். 20 ஆட்டத்தில் 11 டிரா. போசிதார் பாந்தோவிச் வந்தார், எட்டாமிடம். சீசன் முடிவதற்குள் அவரும் போய், சபீர் பாஷா இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார். தாமஸ் ப்ர்தாரிச், எட்டாமிடம். திரும்பவும் கோயல்: ஆறு, அடுத்த வருஷம் பதினொன்று.

இத்தனை பேரும் மோசமான பயிற்சியாளர்களா? ஒருவர் பின்னால் உட்கார்ந்து கதவடைக்கச் சொல்கிறார், அடுத்தவர் மேலேறி அழுத்தச் சொல்கிறார். முதலாமவருக்காக எடுத்த மெதுவான சென்டர்-பேக், இரண்டாமவர் கேட்கிறபடி தடுப்பு வரிசையை மேலேற்றி நிறுத்தும்போது ஓட முடியாமல் திணறுவான். ஆகவே அவனும் போவான். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்கள்தான் இறங்கலாம். பெரும்பாலும் அந்த நான்கு பேர் யார்? சென்டர்-பேக், நடுவில் தடுப்பவர், விளையாட்டை நடத்துபவர், ஸ்ட்ரைக்கர். அணியின் முதுகெலும்பே அவர்கள்தான். நால்வருக்கும் ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டால், ஒவ்வொரு கோடையிலும் முதுகெலும்பைக் கழற்றிப் புதிது மாட்டுகிறோம். ஆறு ஏழு வாரப் பயிற்சியில் உடல்தகுதி வரும், பழக்கம் வராது. கோல்கீப்பர் எவ்வளவு தூரம் முன்னால் வருவார் என்று சென்டர்-பேக்குக்குத் தெரியாது, இருவரும் ஒரே பந்துக்குப் போவார்கள், அல்லது இருவருமே போக மாட்டார்கள். பழகி முடிக்கும்போது ஜனவரி. பிளே-ஆஃப் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருப்போம்.

நீங்கள் உடனே 2015-ஐ எடுப்பீர்கள். கடைசியில் கிடந்து, தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்து, வெள்ளத்தால் சொந்த ஊரில் ஆட முடியாமல் செமிஃபைனலை புனேயில் ஆடி, கோப்பையும் வாங்கினோம். நம் ஸ்ட்ரைக்கர் மெண்டோசாவை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அன்றைக்கு லீக்கில் ஒரு அணிக்கு 14 ஆட்டம்தான். ஒரு மாதம் நெருப்பாக ஆடினால் போதும். 2024-25-ல் 24 ஆட்டம். ஒரு மாத நெருப்பு காணாது. இந்த 2025-26 சீசன் மறுபடி சுருங்கி 13 ஆட்டம் ஆகியிருக்கிறது. என் பயம் அதில்தான். நாலு ஆட்டம் கூடிவந்தால் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்லிவிடுவார்கள், நீங்களும் சொல்வீர்கள்.

உண்மையான ரசிகன் கஷ்டத்தில் கேள்வி கேட்க மாட்டான் என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வராமல் போனவர்கள் துரோகிகள் இல்லை, அண்ணா. எட்டு, எட்டு, எட்டு என்று மூன்று வருஷம் பார்த்தவர்கள். அவர்களை "கோப்பை வந்தால் வருகிறவர்கள்" என்று நீங்கள் சொல்ல எந்த உரிமையும் இல்லை. அதில் பாதிப் பேரை அழைத்து வந்ததே நீங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் கடைசி இடத்தில் கிடந்த அதே 2018-19-ல், கோவையில் ஆடிய சென்னை சிட்டி, இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன். பெட்ரோ மான்சி 21 கோல். சுற்றிலும் எட்வின் சிட்னி வன்ஸ்பால் போலத் தமிழ்நாட்டுப் பையன்கள். இரண்டே வருஷத்தில் அந்த கிளப் தேசிய லீக்கிலேயே இல்லாமல் போனது. ஆகவே "கிளப் சாகாது" என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் ஏடிகேவுக்கும் ஆடினான். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானைச் சாய்த்த கோல் நந்தகுமாருடையது. சென்னைப் பையன், சட்டை கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். வியாசர்பாடியில் பையன்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை சீனியர் டிவிஷன் ஆட்டங்களுக்கு நிரந்தரமாக இரண்டு பேரை அனுப்பி, விங்-பேக், தடுப்பு மிட்ஃபீல்ட் என்று தேவையான இடத்தைக் குறித்துக்கொண்டு தேடினால் போதும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், 2025 ஆகஸ்ட்டில் கிளப் இயக்கத்தை நிறுத்தி வைத்ததற்கு நிர்வாகத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பர் 8-ல் முடியவிருந்தது, அடுத்து என்ன என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. லீக் இருக்குமா என்றே தெரியாதபோது யார் இரண்டு வருஷ ஒப்பந்தம் போடுவார்கள்? அந்த வாரங்களில் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் இருந்த கலக்கத்தை நினைத்து நாம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். சரியாகத்தான் செய்தோம். ஆனால் அந்தக் காரணம் 2025-க்குச் செல்லும். 2020-க்கும் 2022-க்கும் செல்லாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பேச்சுக்கு கிளப்பில் மதிப்பு இருக்கிறது, எனக்கு இல்லை. அதற்குமேல் இங்கே விரிக்க வேண்டாம். அடுத்த ரசிகர் சந்திப்பு என்று ஒன்று நடந்தால், புதுச் சட்டை எப்போது, செல்ஃபி எப்போது என்பதோடு இவற்றையும் கேளுங்கள். அடுத்த சீசனுக்கு முதுகெலும்பில் எந்த இருவர் கட்டாயம் இருப்பார்கள்? பயிற்சியாளர் கிளிஃபோர்ட் மிராண்டாவோ அடுத்து வருகிறவரோ, எந்த ஆட்டமுறைக்காக வீரர்களை எடுக்கிறோம், அதை முடிவு செய்வது பயிற்சியாளரா, அவர் போன பிறகும் இருக்கப்போகிற ஒருவரா? பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து இந்த வருஷம் எத்தனை பேருக்கு முதல் அணியில் நிமிடங்கள் கிடைக்கும்?

சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "பார்க்கலாம்" என்று சொன்னால், அதையும் குழுவில் அப்படியே எழுதுங்கள், உங்கள் பாணியில் மெழுகாமல்.