நித்யாவின் ஆராய்ச்சி பற்றி சாந்தாராமுக்கு

மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள சாந்தாராம்,

உன் மகள் நித்யா பிஎச்டிக்காக அனுப்பிய ஆராய்ச்சித் திட்டத்தைப் படித்துவிட்டேன். 'சமூக ஊடகங்களும் தமிழக இளைஞர்களின் பண்பாட்டு அடையாளமும்' என்று தலைப்பு வைத்திருக்கிறாள். உழைத்து எழுதியிருக்கிறாள், மொழியும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தலைப்புக்குள் ஒரு பல்கலைக்கழகத்தையே குடிவைக்கலாம், மாப்ள. எந்த ஊடகம், எந்த இளைஞர், என்ன அடையாளம்? கடைசியில் கூகுள் ஃபார்மில் கொஞ்சம் கேள்வி, 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' தொடங்கி ஐந்து கட்டம், அப்புறம் ஒரு சதவீதப் பட்டியல் என்று முடியும். இப்படிப்பட்ட ஆய்வேடுகள், பிஎச்டி ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் கொட்டிக் கிடக்கின்றன. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அந்தப் பட்டியலைக் கண்டாலே கொட்டாவி வருகிறது.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நித்யாவுக்கு நான் கைடாக, அதாவது ஆய்வு வழிகாட்டியாக, இருக்க முடியாது. ஓய்வு பெற மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர்கள் புதிதாக ஆய்வு மாணவர்களை எடுக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதி சொல்கிறது. பிஎச்டிக்கு முந்தைய எம்ஃபில் படிப்பும் அதோடு போய்விட்டது. நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் வரும், உன் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பிஎச்டிக்குக் குறைந்தது மூன்று வருஷம் ஆகும். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுத்து அவளைப் படுத்தாதே.

'ஊடக ஆராய்ச்சிக்கு மதுரையில் என்ன இருக்கிறது, டெல்லிக்கோ ஹைதராபாத்துக்கோ போகட்டுமே' என்று எழுதியிருந்தாய். சாரா டிக்கி என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1980களில் மதுரைக்குத்தான் வந்தார். ரிக்‌ஷாக்காரர்களும் கூலிவேலை செய்பவர்களும் சினிமாவை எப்படிப் பார்க்கிறார்கள், ரசிகர் மன்றத்தில் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து 1993இல் புத்தகம் போட்டார். நீயும் நானும் தங்கம் தியேட்டர் வாசலில் டிக்கெட்டுக்கு அடிதடி போட்ட கூட்டம்தான் அவருக்கு ஆராய்ச்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கைத்தறி நகருக்கு உங்கள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து, செல்போனை உதட்டோரம் வைத்து, மைக் குறியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி சேலத்தில் யாருக்கோ முள்ளுமுருங்கை வடைக்கு மாவு அரைக்கும் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் உங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில்தான். பாதியில் விரல் வழுக்கி, பேசினவரைக்கும் குரல் செய்தியாகச் சேலத்துக்குப் போய்விட்டது. அசரவில்லை, விட்ட இடத்திலிருந்து இன்னொன்று. சேலத்துப் பதில் வந்ததும் சத்தமாகப் போட்டுக் கேட்டு, 'அவ பேசுற பேச்சைப் பாரு' என்று என்னிடம் தமிழில் சிரித்தார். அந்த வாட்ஸப் குழுவில் இளசுகள் 'சூப்பர் பாட்டி' என்று தமிழில் தட்டிவிடுகிறார்கள். அம்மா அதைப் படிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்தால் வாசிக்கச் சொல்கிறார்.

நித்யா ஆராய வேண்டியது இதைத்தான் என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

உனக்குத் தெரியாததா? உங்கள் மொழியை எந்த எழுத்தில் எழுதுவது என்ற சண்டை நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உங்கள் மொழி அறிஞர் டி.எம். ராமராய் சௌராஷ்டிரத்துக்கென்றே உள்ள தனி எழுத்திலேயே பாடப்புத்தகம் அச்சிட்டார். தேவநாகரிதான் சரி என்று ஒரு கூட்டம், தமிழ் எழுத்தே போதும் என்று இன்னொரு கூட்டம். தமிழ் எழுத்தில் எழுதினால் ஒரே 'க'வுக்கு நாலு ஒலி வேண்டியிருக்கிறது, தலைக்கு மேல் 2, 3, 4 என்று எண் போட வேண்டும். 2008இல் சௌராஷ்டிர எழுத்து, கணினியிலும் போனிலும் எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் ஏறியது. அதனால் அம்மாவுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. 2013இல் வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. எழுத்துச் சண்டையைத் தீர்க்காமலே, அதைச் சுற்றிக்கொண்டு மொழி போய்விட்டது.

அரசியல் அறிஞர் பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் சொன்னதை எல்லா ஆய்வேட்டிலும் முதல் அத்தியாயத்தில் ஒட்டுகிறார்கள்: ஒரே மொழியில் அச்சான நாளிதழையும் நாவலையும் படிப்பவர்கள், முகம் பார்த்திராதவர்களோடும் தாங்கள் ஒரே கூட்டம் என்று உணர்கிறார்கள் என்று. நித்யாவும் ஒட்டியிருக்கிறாள். ஆனால் நாளிதழே இல்லாமல் இத்தனை காலம் ஒரு கூட்டமாக இருந்தவர்களை என்ன செய்வது? 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2.47 லட்சம் பேர். மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம் என்று சிதறிக் கிடப்பவர்கள், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பேச்சு. கல்யாணத்துக்குப் போனால்தான் மற்ற ஊர்ப் பேச்சு காதில் விழும் என்றிருந்தது. இப்போது தினம் விழுகிறது. இதில் எந்த ஊர்ப் பேச்சு 'சரியான' பேச்சாக ஆகும்? யார் யாரைப் பார்த்துத் தன் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்? இதற்கு கூகுள் ஃபார்ம் உதவாது. காது வேண்டும், அந்த மொழியும் வேண்டும். எனக்கு இரண்டாவது கிடையாது, உன் மகளுக்கு இரண்டும் இருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு, அவளிடம் சொல்லிவிடு. மொழி அந்தக் குழுவில் வாழ்கிறதா, அல்லது கிழவிகள் மட்டும் பேசிக்கொள்ளும் இடமாக ஒதுங்கிவிட்டதா? பேரப்பிள்ளைகள் அதே வீட்டில் தமிழில்தானே பேசுகிறார்கள்? தொழில்நுட்பம் மொழியைக் காப்பாற்றிவிட்டது என்று முன்கூட்டியே முடிவுகட்டிக்கொண்டு அவள் இறங்கினால் நான் கோபப்படுவேன். போனைத் தொலைத்தால் குரலும் போச்சு. ராமராயின் புத்தகத்தை இன்றும் தேடிப் பிடித்துப் படிக்கலாம், போன வருஷத்து வடைப் பக்குவம் எங்கே?

அட்மின்களையும் கவனிக்கச் சொல். உள்ளே சேர்ப்பதற்கு முன்னால் வீட்டுப் பெயர், அதாவது குடும்பப் பெயர், என்ன என்று கேட்கிறார்களாம். அம்மா பெருமையாகச் சொன்னார், எனக்குச் சுருக்கென்றது. சாதி கலந்து மணந்தவர்களின் பிள்ளைகளை அந்தக் கேள்வி எங்கே நிறுத்தும்? 2023 ஏப்ரலில் சௌராஷ்டிரத் தமிழ்ச் சங்கமம் என்று மதுரையிலிருந்து குஜராத்தில் உள்ள சோமநாத்துக்குச் சிறப்பு ரயில் விட்டார்களே, அப்போது குழுக்களில் என்ன ஓடியது என்று தேடிப்பார்க்கட்டும். 'பூர்வீகத்துக்குத் திரும்புகிறோம்' என்று அரசு சொன்ன கதையை மதுரை மகால் தெருவில் இருக்கும் உங்கள் ஆட்கள் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்பதே தனி அத்தியாயம்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸப்பில் உள்ளது பூட்டிய பேச்சு, வெளியிலிருந்து யாரும் அள்ள முடியாது. பாட்டியின் பேத்தி என்பதால் உள்ளே விடுவார்கள், அதற்காகக் கேட்காமல் பதிவிறக்கக் கூடாது. பெயரை மாற்றினாலும் குரலை மாற்ற முடியாது, கேட்டவுடனே யார் என்று தெரிந்துவிடும். ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும், அதுவும் சௌராஷ்டிரத்திலேயே விளக்கிச் சொல்லி.

கைடுக்கு எங்கள் துறையில் ஒரு பேராசிரியை இருக்கிறார். கண்டிப்பானவர், ஆனால் எழுதியதை வரிவரியாகப் படிப்பார், அதுவே அபூர்வம். அவரிடம் பேசி வைக்கிறேன். பரீட்சை முடிந்ததும் நித்யாவை இங்கே அனுப்பி வை, அம்மாவோடு தங்கட்டும். பழைய தலைப்பை விட மனசில்லை என்றால் என்னிடம் வந்து சண்டை போடட்டும். உன் சுகர் டெஸ்ட் என்ன ஆயிற்று? இரண்டு பக்கம் எழுதியவன் அதை மட்டும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எண்ணோடு எழுது.

அன்புடன்,
பாண்டியராஜன்