பூப்பறிக்கும் பெண்களுக்கு மதியத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டி மனு

அனுப்புநர்: ஊக்குநர், மகளிர் சுய உதவிக் குழு, நிலக்கோட்டை வட்டாரம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், திண்டுக்கல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் மல்லிகை பறிக்கிறவர்கள். மொட்டு விரிவதற்குள் பறிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்போம், பூவை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு வர பத்தரை ஆகிவிடும். அப்புறம் பஸ் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையம் போனால், "டெஸ்ட் முடிஞ்சிருச்சு, நாளைக்குச் சீக்கிரம் வாங்க" என்கிறார்கள். சீக்கிரம் போனால் அன்றைய கூலி போச்சு. இரண்டு தடவை அலைந்தவர் மூன்றாம் தடவை போவதில்லை.

என் நாத்தனார் அப்படித்தான் விட்டுவிட்டார். தீட்டு நின்று மூன்று வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டதும், உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மதுரைக்குக் கொண்டுபோனபோது நோய் முற்றியிருந்தது. போன தையில் இறந்துவிட்டார்.

எங்கள் பெண்களைக் கேட்டால், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்குப் போய்க் காட்டணும்?" என்பார்கள். ஒன்றும் இல்லாதபோதே செய்ய வேண்டிய பரிசோதனை இது என்று யாரும் அவர்களிடம் உட்கார்ந்து பேசவில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் கர்ப்பப்பை வாயில் தங்கி, அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதற்குள் கண்டுபிடித்தால் புற்றுநோயாகாமலே தடுத்துவிடலாம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 10 சதவீதம் பேர்கூட இந்தப் பரிசோதனை செய்திருக்கவில்லை.

இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம் என்று நிரூபித்ததே நம் திண்டுக்கல் மாவட்டம்தான். 2000 முதல் 2003 வரை இங்கே பயிற்சி பெற்ற நர்சுகள் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் போன்ற திரவம் தடவிப் பார்த்து 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள். பரிசோதனை நடக்காத ஊர்களைவிட, இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் நாங்கள் நேரம் பொருந்தாமல் திரும்பி வருகிறோம் என்பதுதான் மனசு ஆறவில்லை.

ஆகவே வாரம் ஒரு நாளாவது மதியம் இரண்டு மணிக்கு மேல் இந்தப் பரிசோதனை நடக்க உத்தரவிட வேண்டுகிறோம். பெண் நர்ஸ்தான் பார்க்க வேண்டும், திரை போட்ட தனி அறை வேண்டும். சந்தேகம் வந்தால் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து அனுப்பாமல், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருவர் கூடவே வர வேண்டும், பயந்துபோய் பாதியில் நிற்பவர்கள் அங்கேதான் நிறைய.

மார்கழியில் பூ வரத்து குறையும். முதல் முகாமை அப்போது எங்கள் ஊர் அங்கன்வாடியில் வைத்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்லி நாங்களே ஆள் கூட்டி வருகிறோம். குழுவில் 30 வயது தாண்டியவர்களின் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
குழு ஊக்குநர் மற்றும் உறுப்பினர்கள்