'சம அளவில்' எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் உணவுப் பக்கத்தில், 'தேனும் நெய்யும் சேர்ந்தால் நஞ்சு: சரகர்' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அதைப் படித்த எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி, பேரனுக்கு வாங்கிய சியவனப்பிராச டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். அதில் நெய்யும் உண்டு, தேனும் உண்டு. பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அச்சில் வந்ததை நம்பினார், அவ்வளவுதான்.

சரகரின் ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை சொல்வது, இரண்டும் 'சம அளவில்' சேர்ந்தால் ஒவ்வாது என்று. அந்த ஒரு சொல்தான் உங்கள் பெட்டிக்குள் இடம் கிடைக்காமல் வெளியே விழுந்துவிட்டது.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. முப்பது வருடம் தமிழ் நடத்தியவள். ஆயுர்வேதம் படிக்கும் என் அக்கா மகளிடம் இதைக் காட்டினேன். "இதுக்குத்தான் சித்தி தந்திரயுக்தினு ஒரு பாடமே வச்சிருக்காங்க" என்றாள். தந்திரம் என்றதும் நரி ஞாபகம் வருகிறதல்லவா? இங்கே அதற்கு நூல் என்று பொருள். நூலைப் படிக்கும் உத்திகள்தான் தந்திரயுக்திகள். இன்னோர் ஆயுர்வேத மூலநூலைத் தந்த சுசுருதர் 32 சொல்கிறார், சரக சம்ஹிதை 36 சொல்கிறது.

அவள் காட்டிய ஓர் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. வாக்படர் என்பவரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில், கண்ணின் பலத்துக்காக இரவில் திரிபலாவை (கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த பொடி) தேனும் நெய்யும் சேர்த்து உட்கொள்ளச் சொல்லும் சுலோகம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு தேன், எவ்வளவு நெய் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் அதே நூலின் ஏழாம் அத்தியாயத்தில் சம அளவை அவர் ஏற்கெனவே விலக்கிவிட்டார். அதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால்தான் இந்தச் சுலோகம் முழுமையாகும். முன்னே சொன்னதைத் திரும்பிப் பார்த்துக்கொள் என்பதும் ஒரு யுக்தி. அதிக்ராந்தாவேக்ஷணம் என்று பெயர். வாயில் நுழைவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. (இதை மருந்துக் குறிப்பாக எடுத்துக்கொண்டு யாரும் திரிபலாவைக் குழைக்க உட்கார்ந்துவிட வேண்டாம்.)

இன்னொன்று கேளுங்கள். 'மிதுனம்' என்றால் நமக்கு இணை, ராசி. சுசுருதரோ அந்தச் சொல்லால் தேனையும் நெய்யையும் குறிக்கலாம் என்கிறார். பிற நூல்களுக்குப் பொதுவாக இல்லாமல் ஒரு நூல் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பெயர் அது. வெறும் அகராதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

கேட்கக் கேட்க எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. இந்தப் பெயரிடும் வழக்கம் தொல்காப்பிய மரபியலில் 'தான் குறியிடுதல்' என்று இருக்கிறது. 'சோறு சாப்பிடப் போகிறேன்' என்று ஒருவன் சொன்னால் அவனுக்குக் கஞ்சி வேண்டாம் என்பது தானாகப் புரியும் என்று சுசுருதர் இன்னொரு யுக்திக்கு உதாரணம் தருகிறார். நம்மிடம் அது 'வந்தது கொண்டு வாராதது உணர்த்தல்'. தொல்காப்பியத்திலும் உத்திகள் 32தான். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் 32. யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

ஆனால் ஒரு வருத்தம் உண்டு. சரக சம்ஹிதையில் இந்தப் பட்டியல் கடைசி அத்தியாயத்தில் கிடக்கிறது. சுசுருதத்தில் கடைசிக்கு முந்தையது. அர்த்தசாஸ்திரத்திலும் தொல்காப்பியத்திலும் அதே கதை. வீட்டையெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுச் சாவியைக் கொல்லைப்புறத்தில் தருகிறார்கள். குருவிடம் உட்கார்ந்து படித்த காலத்தில் அது பரவாயில்லை. இப்போது ஒரு சுலோகத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அப்படியே பகிர்கிறவர்கள் கொல்லைப்புறம் வரைக்கும் எங்கே போகப் போகிறார்கள்? பவணந்தியார்தான் நன்னூலில் உத்திகளைப் பாயிரத்திலேயே, வாசலிலேயே, வைத்தார்.

இந்த நூல்களைத் தமிழில் வெளியிடும் பதிப்பகத்தார் அந்த அத்தியாயத்தை முன்னால் கொண்டுவந்து போட்டால் புண்ணியமாகப் போகும். நீங்களும் அடுத்த இதழில் 'சம அளவில்' என்ற சொல்லைச் சேர்த்து ஒரு திருத்தம் போடுங்கள். பெட்டி கட்டியே போடுங்கள். பாட்டி பெட்டிச் செய்திகளை மட்டும்தான் படிப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
நாகர்கோவில்.